நல்ல தேநீரின் இலக்கணம்: ஒரு வரலாற்று நோக்கு

தேநீர் அருந்தாத இல்லம் இன்று இலங்கையில் இல்லையெனலாம். விருந்தினர் வந்தால் முதலில் வைக்கப்படுவதும், சாவீட்டில் இரவு முழுவதும் வழங்கப்படுவதும், விரிவுரைகளுக்கிடையே மாணவர் தேடிச் செல்வதும் அதுவே. ஆயினும் நல்ல தேயிலை எது, அதனைத் தெரிவு செய்வது எவ்வாறு, அதிலிருந்து நல்ல தேநீர் தயாரிப்பது எவ்வாறு என வினவின் தெளிவான விடை கிடைப்பது அரிது. 'சாயம் நன்றாக இறங்க வேண்டும்' என்பதே பெரும்பாலோர் அறிந்த அளவுகோலாகும். உலகின் சிறந்த தேயிலைகளுட் சிலவற்றை விளைவிக்கும் நாட்டு மக்கள், அத்தேயிலையின் தரத்தை அறியும் அறிவிற் பின்தங்கியிருப்பது தற்செயலாக நேர்ந்ததெனக் கொள்ள முடியாது. அதற்கொரு வரலாறு உண்டு.

எது நல்ல தேநீர் என்ற வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. அவ்விடைகளைக் கூறும் உரிமையும் வெவ்வேறு பிரிவினரிடம் இருந்து வந்துள்ளது. அவ்வுரிமை யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதையும், அம்மாற்றத்தினால் உழைப்போரும் அருந்துவோரும் எய்திய நிலையையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தேயிலையைத் தெரிவு செய்யவும் தேநீர் தயாரிக்கவும் புதிதாகக் கற்பவர்க்கு வேண்டிய அறிவும் இவ்வரலாற்றினுள்ளேயே அடங்கியுள்ளது.

சீனம்: அருந்துவோர் வகுத்த இலக்கணம்

தேயிலை பற்றிய முதல் முழுமையான நூல் சீனத்தில், தாங் அரசர் காலத்தில், கி.பி. எட்டாம் நூற்றாண்டில் தோன்றியது. 'சா சிங்' எனப்படும் அந்நூலை இயற்றியவர் லூ யூ என்பார். பெற்றோரின்றிப் பௌத்த மடமொன்றில் வளர்ந்தவரான இவர், தேயிலையின் பிறப்பிடம், பறிக்கும் கருவிகள், பதப்படுத்தும் முறை, பாத்திரங்கள், நீர், அருந்தும் வகை ஆகியவற்றைப் பத்து அதிகாரங்களில் வரன்முறையாகக் கூறினார். அக்காலத்தில் தேயிலையை ஆவியில் அவித்து, இடித்து, வில்லைகளாக்கி உலர்த்தினர். அருந்தும் வேளையில் வில்லையை நெருப்பில் வாட்டிப் பொடிசெய்து கொதிநீரில் இட்டனர். வெங்காயம், இஞ்சி, பழத்தோல் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சும் வழக்கமும் நிலவியது. லூ யூ சிறிதளவு உப்பைத் தவிர ஏனையவற்றை விலக்கினார். அவற்றைச் சேர்த்துக் காய்ச்சியது சாக்கடை நீரை ஒத்தது எனவும் கடிந்தார்.

நீரைப் பற்றி அவர் கூறியவை இன்றும் கருத்தூன்றத்தக்கன. மலையூற்று நீரே தலைசிறந்தது. ஆற்று நீர் அதற்கு அடுத்தது. கிணற்று நீர் கடைப்பட்டது என அவர் வரிசைப்படுத்தினார். கொதித்தலையும் மூன்று படிகளாக வகுத்தார். மீன்கண் போன்ற சிறு குமிழிகள் எழுவது முதற்படி. பாத்திரத்தின் ஓரத்திலே முத்துக்கோவை போலக் குமிழிகள் தொடர்வது இரண்டாம்படி. அலையெழுந்து பொங்குவது மூன்றாம்படி. அதற்குமேற் கொதித்த நீர் பயன்படாது என்பது அவர் முடிபு. வெப்பமானி தோன்றாத காலத்தில் கண்ணையும் செவியையும் கருவியாகக் கொண்டு வகுக்கப்பட்ட அளவைகள் இவை. தேநீரின் தரத்தை அதனைத் தயாரித்து அருந்துவோரே தம் புலன்களால் அறிந்து தீர்மானித்த காலமாக இதனைக் கொள்ளலாம்.

பின்வந்த சொங் அரசர் காலத்தில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. தேயிலையை நுண்பொடியாக்கி, வெந்நீர் விட்டு, மூங்கிற் குச்சங்களால் நுரையெழ அடித்து அருந்தும் முறை அரண்மனையில் உயர்நிலை பெற்றது. பேரரசர் ஹுய்சொங் தாமே 1107ஆம் ஆண்டளவில் தேயிலை பற்றி ஒரு நூல் எழுதினார். நுரையின் வெண்மை கறுத்த கிண்ணத்தில் எடுத்துக் காட்டப்பெற்றது. அரண்மனைக்குத் திறையாகச் செலுத்தப்பட்ட வில்லைத் தேயிலையைச் செய்வதற்கு மிகுந்த உழைப்பு வேண்டியிருந்தது. அரசன் சுவை நுட்பமடைய நுட்பமடையக் குடியானவன் சுமையும் கூடியது. மிங் அரச வம்சத்தின் முதற் பேரரசர் ஹொங்வூ 1391ஆம் ஆண்டில் வில்லைத் தேயிலைத் திறையை நிறுத்தி, உதிரி இலையையே செலுத்துமாறு ஆணையிட்டமைக்கு மக்களின் உழைப்புச் சுமையைக் குறைப்பதே காரணமாகக் கூறப்பட்டது. அவ்வாணையை அடுத்து, இலையை வெந்நீரில் ஊறவிட்டு வடித்து அருந்தும் முறை நாடெங்கும் பரவியது. தேநீர்க் கெண்டிகள் பெருவழக்குப் பெற்றன. இன்று நாம் கையாளும் முறை இதன் வழிவந்ததே. தேநீர் தயாரிக்கும் முறையில் நேர்ந்த பெருமாற்றமொன்று உழைப்போர் நிலையோடு தொடர்புடையதாய் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இங்கிலாந்து: வணிகமும் கலப்படமும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் தேயிலையை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். தென்சீனக் கரையோரத்தில் வழங்கிய 'தே' என்ற சொல்லும் அதனோடு சென்றது. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கிய 'சா' என்ற வடிவம் வேறு வழிகளாற் பரவியது. தமிழிலே தேயிலை, தேநீர், தேத்தண்ணீர் ஆகிய சொற்கள் முன்னைய மரபையும், சாயா என்பது பின்னைய மரபையும் சார்ந்தவை. ஒரு பானத்தின் வணிகப் பாதையை அதன் பெயரே காட்டி நிற்கிறது.

இங்கிலாந்தில் சமுவேல் பீப்ஸ் 1660ஆம் ஆண்டில் தாம் முதன்முறையாகத் தேநீர் அருந்தியதைத் தமது நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். அப்போது அது செல்வர்க்கே எட்டக்கூடிய அரும்பொருளாயிருந்தது. கிழக்கிந்தியக் கொம்பனியின் தனியுரிமையும் அரசு விதித்த கடும் வரியும் விலையை உயர்த்தின. கள்ளக்கடத்தலும் கலப்படமும் மலிந்தன. வேறு மரங்களின் இலைகள் சேர்க்கப்பட்டன. ஒருமுறை ஊறிய இலைகள் உலர்த்தப்பட்டு மீண்டும் விற்கப்பட்டன. 1725ஆம் ஆண்டிலும் 1777ஆம் ஆண்டிலும் இதனைத் தடுக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1784ஆம் ஆண்டில் வரி 119 சதவீதத்திலிருந்து 12½ சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது கள்ளக்கடத்தல் பெரிதும் ஒடுங்கியது. தேநீர் பொதுமக்கள் பானமாகும் வழியும் திறந்தது.

எனினும் வாங்குவோரின் அறியாமை எளிதில் நீங்கவில்லை. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் இரு வேறு செடிகளிலிருந்து கிடைப்பன என ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். தாவரவியலறிஞர் லின்னேயஸும் அவற்றை இரு இனங்களாகவே வகுத்திருந்தார். ஒரே செடியின் இலை, பதப்படுத்தும் முறையால் இரு வகையாகிறது என்பதை 1840களில் சீனம் சென்ற ரொபேட் போச்சூன் நேரிற் கண்டறிந்து வெளியிட்டார். 1848ஆம் ஆண்டில் மீண்டும் சென்ற அவர், ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்கு நீலச் சாயமும் ஜிப்சமும் ஏற்றப்படுவதைக் கண்டார். கண்ணைக் கவரும் நிறத்தையே அந்நியர் விரும்பியமையால் சீனர் அந்நிறத்தைச் செய்து கொடுத்தனர். தாம் அருந்தும் தேயிலைக்கு அதனை இடவில்லை. நிறத்தை மட்டும் நம்பி வாங்குவோர் எளிதில் ஏமாற்றப்படுவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

தேயிலையைச் சோதிக்கும் அறிவு இக்காலத்திலே வீட்டாரிடமிருந்து விலகி, வணிகர் அமர்த்திய சுவைஞரிடம் குவிந்தது. 1679ஆம் ஆண்டில் கொம்பனியினால் தொடங்கப்பட்ட இலண்டன் தேயிலை ஏலம், கொம்பனியின் தனியுரிமை நீங்கிய பின்னர் 1834ஆம் ஆண்டில் மின்சிங் லேன் என்னும் தெருவை இருப்பிடமாகக் கொண்டது. வரிசையாக வைக்கப்பட்ட கோப்பைகளிலிருந்து ஒவ்வொரு கரண்டி உறிஞ்சி, நாவிற் பரப்பி, உமிழ்ந்து, சில கணங்களில் ஒரு தேயிலையின் விலையை மதிப்பிடும் சுவைஞரின் தீர்ப்பு, உலகின் மறுகோடியிலுள்ள தோட்டங்களின் நடைமுறையைத் தீர்மானிப்பதாயிற்று. அத்தோட்டங்களுள் இலங்கைத் தோட்டங்களும் சேரும் காலம் விரைவில் வந்தது.

இலங்கை: லூல்கந்துரையிலிருந்து கொழும்பு வரை

பேராதனைப் பூங்காவுக்கு 1824ஆம் ஆண்டில் சீனத் தேயிலைச் செடியும், 1839ஆம் ஆண்டில் அசாம் வித்துக்களும் கொண்டுவரப்பட்டன. அப்போது மலைநாட்டில் கோப்பியே கோலோச்சியமையால் அவை பெரிதாகக் கருதப்படவில்லை. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். ஸ்கொத்லாந்திலிருந்து 1852ஆம் ஆண்டில், இளவயதில், கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர் அவர். தேயிலையைப் பொறுத்தவரை அவரும் புதிதாகக் கற்பவராகவே இருந்தார். அசாமை அடுத்த கச்சார்ப் பகுதியிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவரிடம், தமது வளவில் நின்ற பழஞ்செடிகளின் இலையைக் கொண்டே பறித்தல், வாட்டல், உருட்டல் ஆகியவற்றின் பாலபாடத்தைக் கற்றார். விறாந்தையில் இடப்பட்ட மேசைகளின்மீது இலை கையால் உருட்டப்பட்டது. களிமண் அடுப்பிற் கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுக்களில் உலர்த்தப்பட்டது.

1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரைச் சில ஆண்டுகளில் அழிவுக்குக் கொண்டு சென்றது. அதன் பின்னரே லூல்கந்துரை முயற்சியின் பெறுமதி உணரப்பட்டது. 1873ஆம் ஆண்டில் 23 றாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. 1883ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கொழும்பில் முதலாவது பொது ஏலம் நடைபெற்றது. நூற்றாண்டின் முடிவில் தேயிலை பயிரிடப்பட்ட நிலம் நான்கு இலட்சம் ஏக்கரை அண்மித்தது. 1890ஆம் ஆண்டில் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்ரன் போன்ற வணிகர், தேயிலையைச் சிறு பொதிகளாக்கித் தமது பெயரோடு விற்றனர். பொதியின்மீது வணிகனின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டது. இலை விளைந்த தோட்டத்தின் பெயர் பின்னுக்குச் சென்றது.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. விஞ்ஞான ஆராய்ச்சி, தொழிற்சாலை, தரகர் அறிக்கை, ஏலம் ஆகிய அனைத்தும் இலங்கையிலேயே அமைந்தன. ஆயினும் எது நல்ல தேயிலை என்ற தீர்ப்பு அந்நியச் சந்தையின் தீர்ப்பாகவே தொடர்ந்தது.

எழுத்துக்களும் சல்லடைகளும்

தேயிலைப் பொதியின் மீது காணப்படும் எழுத்துக்கள் புதியவரை மிகவும் மயக்குவன. ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எவ்., டஸ்ற் என்பன அவற்றுட் சில. இவற்றைத் தரவரிசையெனக் கருதுவோர் பலர். உண்மையில் இவை இலையின் பருமனையும் தோற்றத்தையுமே குறிப்பன. உலர்த்தப்பட்ட தேயிலை சல்லடைகளிற் பிரிக்கப்படும்போது நீண்டு முறுகிய இலை 'ஒரேஞ்ச் பீக்கோ' எனவும், உடைந்த இலை 'புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ' எனவும், அதனினும் சிறியது 'பன்னிங்ஸ்' எனவும், மிக நுண்ணியது 'டஸ்ற்' எனவும் பெயர் பெறுகின்றன. 'பீக்கோ' என்பது இளங்கொழுந்தின் வெண்மயிரைக் குறித்த சீனச் சொல்லின் திரிபாகும். தொடக்கத்தில் இளந்தளிரைச் சுட்டிய சொல், காலப்போக்கில் சல்லடைக் கண்ணின் அளவைச் சுட்டுவதாயிற்று. 'ஒரேஞ்ச்' என்பதற்கும் தோடம்பழச் சுவைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நல்ல தோட்டத்தின் பி.ஓ.பி.எவ்., கவனமின்றிச் செய்யப்பட்ட ஓ.பி.யினும் மேலானதாயிருக்கலாம். இலை சிறிதாயின் சாறு விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும். பெரிதாயின் மெதுவாகவும் மென்மையாகவும் இறங்கும். பால் சேர்த்து அருந்துவோர்க்குச் சிறிய இலையும், வெறுந்தேநீர் அருந்துவோர்க்குப் பெரிய இலையும் பொருத்தமெனப் பொதுவாகக் கூறலாம்.

சுவையைத் தீர்மானிப்பதில் விளையும் இடத்துக்கும் பருவத்துக்கும் பெரும் பங்குண்டு. இலங்கைத் தேயிலை உயரத்தைக் கொண்டு மூவகைப்படும். 4000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. 2000 அடி முதல் 4000 அடிவரை விளைவது இடைநிலத் தேயிலை. அதற்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. நுவரெலியாத் தேயிலை இளநிறமும் நறுமணமும் கொண்டது. டிம்புலவில் ஆண்டின் முதல் மாதங்களிலே வீசும் வறள் காற்றும், ஊவாவில் யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறள் காற்றும் அவ்வப் பகுதித் தேயிலைக்குச் சிறப்பான மணத்தை ஊட்டுகின்றன. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்நிலத் தேயிலை கருமையும் திண்மையும் உடையது. இலண்டன் சுவைஞரின் மதிப்பில் உயர்நிலத் தேயிலையே நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது. ஆயின் மேற்காசிய நாடுகள் முக்கிய சந்தையாகிய பின்னர், முன்பு குறைத்து மதிக்கப்பட்ட தாழ்நிலத் தேயிலையின் மதிப்பு உயர்ந்தது. இன்று நாட்டின் உற்பத்தியில் அரைவாசிக்கு மேற்பட்டது அதுவே. செடியும் மண்ணும் மாறாதிருக்கச் சந்தை மாறியபோது 'நல்லது' என்பதன் பொருளும் மாறியமைக்கு இது சான்றாகும்.

கொழுந்து பறிக்கும் கை

இத்தீர்ப்புக்கள் யாவும் ஒரு செயலின் மேல் நிற்கின்றன. அது கொழுந்து பறித்தலாகும். இரண்டு இளம் இலையும் ஒரு மொட்டும் என்பதே நல்ல பறிப்பின் விதி. முற்றிய இலையும் தண்டும் சேருமாயின் தொழிற்சாலையில் எத்துணைத் திறமையோடு வாட்டி, உருட்டி, உலர்த்தினாலும் குறை நீங்காது. ஒரு கிலோத் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும். உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து சாறு காற்றோடு கலக்கிறது. நொதித்தல் எனத் தொழிற்சாலைகளில் வழங்கும் மாற்றம் இதுவே. விஞ்ஞான நோக்கில் இது ஒட்சியேற்றமாகும். தேநீரின் செந்நிறமும் துவர்ப்பும் மணமும் இங்கேயே உருப்பெறுகின்றன. அம்மாற்றத்துக்கு வேண்டிய பொருள்கள் இளங்கொழுந்திலேயே மிகுதியாக உள்ளன. ஆகவே நல்ல தேநீரின் முதல் தெரிவைச் செய்பவர், மலைச்சரிவிற் கூடையுடன் நிற்கும் பெண் தொழிலாளியே.

திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களே பெருந்தோட்டங்களில் இத்தெரிவைச் செய்து வந்துள்ளனர். அவர்களின் திறன் 'திறனற்ற உழைப்பு' என்றே கணிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டபோதும் பெண்ணின் கூலி ஆணின் கூலியினும் குறைவாகவே வகுக்கப்பட்டது. அவ்வேற்றுமை 1984ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அப்பிரச்சினையின் எச்சம் 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாகவே தீர்வை அடைந்தது.

கூலி முறையினுள்ளும் ஒரு முரண்பாடு அமைந்துள்ளது. நாட்கூலி முழுமையாகக் கிடைப்பதற்குக் குறித்த நிறையளவு கொழுந்து பறிக்கப்படல் வேண்டும். நிறை கூட வேண்டுமாயின் முற்றிய இலையும் கூடையிற் சேரும். தரம் பேண வேண்டுமாயின் நிறை குறையும். தரத்தையும் நிறையையும் ஒருங்கே கேட்கும் நிர்வாகத்துக்கும், இரண்டையும் ஈடுசெய்ய முயலும் தொழிலாளிக்கும் இடையே, தராசடியில் நாள்தோறும் நிகழும் வாக்குவாதமே நல்ல தேயிலையின் எழுதப்படாத வரலாறாகும்.

ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1946ஆம் ஆண்டில் நல்ல தேநீர் தயாரிப்பதற்குப் பதினொரு விதிகளை வகுத்துக் கட்டுரையொன்று எழுதினார். போர்க்காலப் பங்கீட்டினால் தேயிலை அருகிய வேளையிற் சாதாரண மனிதன் தன் பங்கிலிருந்து முழுப்பயனைப் பெறவேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. இந்தியத் தேயிலையை அல்லது இலங்கைத் தேயிலையைத் தெரிவு செய்க என்பதே அவருடைய முதல் விதி. ஏகாதிபத்தியத்தைக் கடுமையாகக் கண்டித்த அவ்வெழுத்தாளரின் பதினொரு விதிகளுள் ஒன்றேனும் அத்தேயிலையைப் பறித்தோரை நினைவுகூரவில்லை. இதனை ஒரு தனிமனிதரின் குறையாகக் கொள்வதினும், அக்காலச் சந்தை முறை அருந்துவோரின் பார்வையை எவ்வளவு குறுக்கியிருந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

உள்நாட்டுக் கோப்பை

இலங்கையின் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது ஏற்றுமதியாகிறது. தேயிலை இங்கு விளையத் தொடங்கிய பின்னரும் நாட்டு மக்களுக்கு அது உடனே பழக்கமாகவில்லை. மோரும் இளநீரும் கொத்தமல்லித் தண்ணீரும் அருந்திய மக்களிடையே தேநீர் படிப்படியாகவே பரவியது. பரவியபோது அவர்களைச் சென்றடைந்தவை பெரும்பாலும் மலிந்த நுண்தூள் வகைகளே. தோட்டத் தொழிலாளர்க்கு மாதந்தோறும் வழங்கப்படுவதும் பெரும்பாலும் தூளேயாகும். காலை ஆறு மணிக்குத் தளிர்க் கொழுந்தைத் தேடி மலையேறுபவர், லயத்து அறையில் அத்தளிரின் எஞ்சிய தூளையே கொதிக்க வைத்து அருந்திவிட்டுச் செல்லும் நிலை பல தலைமுறைகளாக நிலவியது.

மக்கள் கிடைத்ததைக் கொண்டு தமக்கெனச் சில மரபுகளை உருவாக்கினர். யாழ்ப்பாணத்திற் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் அருந்தும் வழக்கமும், தேத்தண்ணீர்க் கடைகளில் பாலும் சீனியும் கலந்து நுரையெழ ஆற்றித் தரும் முறையும், மழைக்காலத்தில் இஞ்சி தட்டிப் போடும் வழக்கமும் இவ்வாறு எழுந்தவை. தூளின் கடுமையைத் தணித்துச் சுவையாக்கும் அறிவு இவற்றில் உண்டு. 'சாயம்' என்ற அளவுகோலும் இதே சூழலிற் பிறந்தது. சிறிது தூளிலிருந்து பல கோப்பைகள் பெறவேண்டிய வீட்டுக்கு நிறமே முதற் கவலையாயிருந்தது. ஆகவே அதனை வறுமையின் அளவுகோலாகக் கொள்வதே நியாயமாகும். எனினும் சாயத்தை மட்டும் தேடும் வழக்கம், கழிவுத் தேயிலையையும் நிறமூட்டிய தேயிலையையும் விற்போருக்கு வாய்ப்பளிக்கிறது என்பதையும் மறுக்கவியலாது.

கற்கத் தொடங்குவோர்க்கு வரலாறு உணர்த்துவன

மேற்கூறிய வரலாறு, தேநீரைப் பற்றிக் கற்கத் தொடங்குவோர்க்குச் சில தெளிவான பாடங்களைத் தருகிறது.

தேயிலையைத் தெரிவு செய்யுமிடத்து, எழுத்துக்களைப் பருமனின் குறிகளாக மட்டும் கொள்ளல் வேண்டும். விளைந்த பகுதியின் பெயர் பொதியிற் காணப்படின் அது கூடிய பயன் தரும். இலைகள் ஒரே அளவினவாயும், கருமையானவையாயும், நாரும் தண்டும் கலவாதவையாயும் இருத்தல் நன்று. ஈர மணமோ புகை மணமோ வீசுமாயின் விலக்கத்தக்கது. ஊறிய பின் கெண்டியில் எஞ்சும் இலையையும் நோக்குதல் வேண்டும். அது செப்பு நிறத்திற் பொலிவுடன் இருப்பின் நன்கு பதப்படுத்தப்பட்டது எனலாம். தேயிலை அயலிலுள்ள மணத்தையும் ஈரத்தையும் விரைவில் ஈர்ப்பதாகலின், இறுக மூடிய பாத்திரத்தில், சரக்குப் பொருள்களுக்கு விலக்கி வைக்கப்படல் வேண்டும்.

நீரைப் பொறுத்தவரை லூ யூவின் வரிசை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு நேரடிப் பொருளுடையது. சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறிவரும் கிணற்று நீர் வன்னீராகும். அதில் தயாரிக்கப்படும் தேநீர் பொலிவிழந்து, மேலே ஏடு போன்ற படலம் படர்வதைக் காணலாம். நீரிலுள்ள கல்சியமும் தேநீரின் சாறும் சேர்வதே இதற்குக் காரணம். மழைநீரோ கொதிக்க வைத்துத் தெளிய விட்ட நீரோ பயன்படுத்தின் வேறுபாடு புலப்படும். மலைநாட்டின் மென்னீரில் அதே தேயிலை வேறொன்றாகவே தோன்றும்.

அளவையும் நேரத்தையும் பற்றிய விதிகளுக்கும் வரலாறு உண்டு. ஆளுக்கொரு தேக்கரண்டி, அதற்கு மேல் கெண்டிக்கொன்று என்பது திருமதி பீற்றன் 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட இல்லற நூலிலேயே பழைய வழக்கமெனக் கூறப்பட்டது. 1980ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிட ஊறல் என வகுத்தது. அந்நியமம் சுவைஞர் தேயிலைகளை ஒப்பிட்டுக் குறை காண்பதற்கென ஏற்பட்டது. வீட்டில் அவ்வாறு தயாரிப்பின் கடுமை மிகும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தேயிலை இட்டு, அப்போதுதான் கொதித்த புதுநீரை விட்டு, மூடி, சிறிய இலைக்கு மூன்று நிமிடமும் பெரிய இலைக்கு ஐந்து நிமிடமும் ஊறவிட்டு வடித்தல் தொடக்கத்துக்குப் போதுமானது. கடுமை வேண்டின் இலையைக் கூட்டலாம். நேரத்தை நீட்டினால் துவர்ப்பே மிகும். ஊறிய இலையை மீண்டும் கொதிக்க வைப்பதும் அத்தகையதே. பால், சீனி பற்றி விதியொன்றும் வேண்டியதில்லை. ஆயினும் புதிய தேயிலையொன்றை முதன்முறை அருந்தும்போது அவையிரண்டுமின்றி ஒரு வாய் அருந்திப் பார்த்தல், அதன் இயல்பை அறியும் வழியாகும்.

முடிவுரை

அருந்துவோரின் புலன்களால் அறியப்பட்ட தேநீரின் தரம், அரசவையின் ஆடம்பரமாகி, வணிகரின் இரகசியமாகி, ஏலத்தின் விலையாகியமையை இதுவரை நோக்கினோம். 1975ஆம் ஆண்டிற் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கொம்பனிகளிடம் சென்றது. இலண்டன் ஏலம் 1998ஆம் ஆண்டில் முடிவுற்றது. கொழும்பு ஏலம் 2020ஆம் ஆண்டு முதல் மின்னணு முறைக்கு மாறியது. இவ்வாறு உடைமையும் சந்தையும் பன்முறை மாறியபோதும், முதல் தெரிவைச் செய்யும் கையும் அதன் கூலியும் பற்றிய வினா பெரிதும் மாறாமலே உள்ளது.

நல்ல தேநீரை அறிந்து அருந்துதல் செல்வர்க்குரிய ஒரு பொழுதுபோக்கெனச் சிலர் கருதலாம். ஆயின் தரத்தை அறியாத மக்களிடம் தரமற்றது விற்கப்படும் என்பதையும், தரத்தைத் தருபவர் யாரென அறியாத சமூகம் அவர் உழைப்புக்கு உரிய விலையைக் கேட்காது என்பதையும் வரலாறு உணர்த்துகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளும் அறிவு, எத்தகைய சுவைஞனின் நாவறிவுக்கும் குறைந்ததன்று. அவ்வறிவை அறிவென ஏற்று மதிப்பளிக்கும் நாளிலேயே நல்ல தேநீரின் இலக்கணம் முழுமை பெறும்.